மூன்று அழைப்பிலும் என் குரல் கேட்காமல் போன காரணத்தைத் தெரிவிக்கும் மனு

அனுப்புநர்:
புகார் எண் 417-ஐக் கொடுத்த மனுதாரர்
(பெயரும் விலாசமும் அந்த மனுவில் உள்ளபடியே, வீடு மாறவில்லை)
தொழில்: சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவு

பெறுநர்:
விசாரணை அதிகாரி அவர்கள்
அவசர ஊர்தி அழைப்பு மையம்

பொருள்: என் போனின் திரையில் கீறல் விழாமலிருக்க நானே தவறாக ஒட்டிய கண்ணாடியால் நடந்ததற்கு, தங்கள் மையத்தில் அழைப்பு எடுக்கும் பெண் தண்டனை அனுபவிப்பது – என் புகாரைத் திரும்பப் பெறுவது – விசாரணையில் நான் சொன்ன பொய்யைத் தெரிவிப்பது – அவரை மறுபடி வேலையில் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார் எண் 417. 2. அதன்பேரில் தங்கள் அறையில் நடந்த விசாரணை. 3. இம்மாதம் இருபதாம் தேதி இறுதி உத்தரவு வரும் என்று எனக்கு வந்த தங்கள் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு என்னை நினைவிருக்கும். நாற்காலி போட்டும் உட்காராமல் சுவரோரமாகவே நின்று பேசியவள் நான். தாங்கள் இரண்டு தடவை எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னீர்கள்.

முதல் மனுவைத் தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டிருப்பவர் எழுதிக் கொடுத்தார். “போனை வெச்சுட்டாங்க” என்று நான் சொன்னதை அவர் “ஆணவத்துடன் இணைப்பைத் துண்டித்தார்” என்று எழுதினார். படித்துக் காட்டியபோது எனக்கு அது நன்றாகவே இருந்தது. அதனால் அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்த மனுவை நானே எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொய் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

1. என் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டராக இருந்தவர். பெயின்ட் அடிப்பது கடைசி வேலைதான். அதற்கு முன்னால் தகரத்தில் உள்ள கீறல், பள்ளம் எல்லாவற்றுக்கும் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அவர் விரலுக்குத் தெரியும். ஆனால் வீட்டுச் சாமானில் கீறல் விழுந்தால் கண்டுகொள்ளவே மாட்டார். நான் சத்தம் போட்டால், “நாள் பூரா கீறலைத்தான் தடவிக்கிட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தும் கீறல் பேச்சா? விழுந்தா விழட்டும் விடு” என்பார். நான் அவருக்கு நேர் எதிர். பாத்திரத்தில் சொட்டை விழுந்தால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கண்ணாடியை ஒட்டியதில் அவருக்குத் துளியும் சம்பந்தமில்லை என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காக.

2. எனக்கென்று ஒரு புதுப் போனை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அதுவரை நான் வைத்திருந்ததெல்லாம் என் மகள் வேண்டாம் என்று விட்ட போன்கள். சலவைக்கூடத்தில் எங்கள் மேல்கோட்டுப் பையில் ஊசி, பட்டன், சாவி, துணியில் மாட்டும் தகரச் சீட்டு எல்லாம் கிடக்கும். பக்கத்து மேசைக்காரியின் போன் திரை அதில் உரசி உரசிப் பூனை பிறாண்டியதுபோல ஆகிவிட்டது. எனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று மூன்றாம் நாளே டெம்பர் கிளாஸ் ஒட்டக் கடைக்குப் போனேன். கடைக்காரர், “இந்த மாடலுக்கு இப்ப ஸ்டாக் இல்லக்கா. அடுத்த வாரம் வாங்க” என்றார். கடையில் தொங்கியதில் ஒன்று என் போன் அளவுக்கு இருந்தது. ஓரத்தில் கறுப்புப் பட்டை வேறு, பார்க்க லட்சணமாக இருந்தது. அதைக் கொடுங்கள் என்றேன். “அது வேற போனுக்குள்ளது. மேல ஒரு சின்னக் கண்ணு இருக்கு, அதை மறைச்சிடும். நான் ஒட்டித் தர மாட்டேன்” என்றார். “நீங்க ஒட்ட வேணாம், குடுங்க, நான் ஒட்டிக்கிறேன். சட்டையில ஒரு சுருக்கம் இல்லாம தேய்க்கிற கைக்கு இது ஒட்டத் தெரியாதா?” என்று சொல்லி வாங்கி வந்தேன். தூசி படியாமல், காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்காமல் ஒட்டினேன். கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். மறைக்கும் என்று அவர் சொன்ன கண்ணு எதற்கு என்று நான் கேட்கவில்லை. போட்டோ எடுக்கிற கண்ணு என்று நினைத்தேன். போட்டோ நன்றாக வந்தது, அத்தோடு மறந்துவிட்டேன்.

3. ஒட்டிய ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. பட்டறைக்கு வார விடுமுறை. எனக்குக் காலை முறை. ஒரு மணிக்கு வந்து இருவரும் சாப்பிட்டோம். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு, “தோள்பட்டையெல்லாம் பிடிச்சு இழுக்குது” என்றார். முதல்நாள் ஏணியில் நின்று கூரைக்குப் பெயின்ட் அடித்த வலி என்று நினைத்துத் தைலம் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. எதிர்வீடு பூட்டியிருந்தது, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் கல்லூரியில். அவரைச் சாயவிடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தங்கள் மையத்தைக் கூப்பிட்டேன்.

வழக்கமாக நான் போனைக் காதில் வைத்துப் பேசுகிறவள் அல்ல. கூடத்தில் பாய்லர் சத்தம், மிஷின் சத்தம். எப்போதும் ஸ்பீக்கர் போட்டு, கையில் பிடித்துக் கத்தித்தான் பேசுவேன். அந்த ஒன்பது நாளும் அப்படித்தான். காதில் வைத்துப் பேசியது அன்றுதான் முதல்முறை.

4. இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முதல் அழைப்பு. எடுத்தார்கள். வீடு, தெரு, மாடி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம், “ஹலோ, சொல்லுங்க... ஹலோ, சத்தம் கேக்கல, பேசுங்க” என்றே சொன்னார்கள். நான் இன்னும் உரக்கச் சொன்னேன். வைத்துவிட்டார்கள். 2.16-க்கு மறுபடி. அதேதான். 2.21-க்கு மூன்றாம் முறை. அப்போது அந்தப் பெண், “யாருங்க இது, இப்படி விளையாடாதீங்க. வேற யாருக்காவது நிஜமாவே அவசரம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்தார். என் மடியில் என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் விளையாட்டு என்கிறாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஐயா நான் பிடித்துக்கொண்டேன். நெஞ்சில் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. தங்களுக்கு மனு கொடுக்க வந்ததும் அந்த வார்த்தைக்காகத்தான்.

கடைசியில், கீழே தண்ணீர் கேன் இறக்க வந்த வண்டிக்காரர் என் அலறலைக் கேட்டு மேலே வந்தார். கேன்களை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, வண்டியில் அந்த இடத்தில் இவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். டாக்டர் பார்த்துவிட்டு, “ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா” என்றார். டாக்டர் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கால் மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும் என்று அன்று நினைத்தேன்.

5. விசாரணையில் தாங்கள் மூன்று அழைப்பின் பதிவையும் போட்டுக் காட்டினீர்கள். அந்தப் பெண்ணின் குரல் மட்டும் இருந்தது. என் குரல் இல்லை. இரண்டாவது பதிவின் தொடக்கத்தில் மட்டும் “இவரு...” என்று அரை வார்த்தை என் குரலில் வந்தது, அதற்குப்பின் ஒன்றுமில்லை. நான் உடனே, “பாத்தீங்களா ஐயா, என் குரலு வருது, அப்புறம் அழிச்சிருக்காங்க. மூணுதடவை தொண்டை கிழியக் கத்தினேன்” என்றேன். தாங்கள் அந்த அரை வார்த்தையை நான்கு தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள். தங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தார். தலைமுடியில் ஹெட்செட் அழுத்திய தடம் அப்படியே இருந்தது. வேலையிலிருந்து நேராகக் கூப்பிட்டிருப்பார்கள் போல. கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிக்கவில்லை ஐயா. யாரும் எதையும் அழிக்கவில்லை. கன்னம் பட்டு என் குரல் அடைபடுவதற்கு முன்னால் வெளியே போனது அந்த அரை வார்த்தைதான். எப்படி என்று ஏழாம், எட்டாம் பத்திகளில் எழுதியிருக்கிறேன்.

6. இந்தப் பத்தியை எழுதத்தான் நான் இத்தனை நாள் தயங்கினேன்.

விசாரணையில் அந்தப் பெண் ஒன்று சொன்னார். “மூணாவது தடவை வெச்சதுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல சார். பதில் பேசலைன்னா லைனை விடணும்கிறது விதி. ஆனா ஒரே நம்பர் மூணுதடவை வந்துச்சு. அதனால வெளிய போய் என் சொந்த போன்ல அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தாங்க, ஆனா பேசல” என்றார். வேலை நேரத்தில் சொந்தப் போனை எடுப்பது தங்கள் மையத்தில் குற்றமாம். பயந்துபோய் அந்த அழைப்பைத் தன் போனிலிருந்து அன்றே நீக்கிவிட்டாராம். அதனால் அவர் கையில் அத்தாட்சி இல்லை. தாங்கள் என்னைப் பார்த்து, “உங்களுக்கு அப்படி ஒரு கால் வந்துச்சாம்மா?” என்று கேட்டீர்கள்.

“இல்லைங்க ஐயா. வரவே இல்லை” என்றேன்.

வந்தது ஐயா. 2.26-க்கு வந்தது. நாற்பத்தெட்டு விநாடி. அவரைக் கதவுப் பக்கமாக இழுத்துக்கொண்டே போனை அதேபோலக் கன்னத்தில் இடுக்கினேன். அதே பெண்ணின் குரல். “அம்மா, நீங்கதானே கூப்பிட்டீங்க? எந்த இடம்? ஏதாவது சொல்லுங்கம்மா, நான் லைன்ல இருக்கேன்” என்றார். நான் சொன்னேன். “கேக்கலையேம்மா” என்றார். காது செவிடா என்று திட்டிவிட்டு நானேதான் வைத்தேன். இதெல்லாம் எனக்கு அன்றே நன்றாக நினைவிருந்தது. மறந்துபோய் இல்லை என்று சொல்லவில்லை. என் குரலை அழித்தவளுக்கு நான் ஏன் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நான் இல்லை என்றதும் அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வழியில் எதையோ தவறவிட்டவர்கள் தரையைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். இரண்டு குற்றமும் அவர்மேல் ஏறியது அந்த ஒரு “இல்லை”யால்தான்: அழைப்பைத் துண்டித்தது ஒன்று, தப்பிக்கப் பொய் சொன்னது இன்னொன்று. பொய் சொன்னவள் நான்.

7. காரியமெல்லாம் முடிந்தபின் சொந்தக்காரர்கள் தினமும் போன் செய்வார்கள். அவர் போனபிறகு கொஞ்ச நாள் கூடத்துக்குப் போகவில்லை, வீட்டிலேதான் இருந்தேன். ஸ்பீக்கர் போட்டு ஊருக்கே கேட்கப் பேச மனம் வராமல் காதில் வைத்துப் பேசினேன். எல்லோரும் ஒரேமாதிரி, “பேச முடியலன்னா விடும்மா, அழு, அழுதா கொஞ்சம் தேவலாம்” என்றார்கள். நான் பேசிக்கொண்டுதான் இருப்பேன். நான் சொல்வதைக் கேட்காமல் இவர்களே பேசுகிறார்களே என்று தோன்றும். துக்க வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, ஒருநாள் அரை மணி நேரம் தனியாகவே பேசினாள். “அண்ணி, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டிருங்க போதும்” என்றாள். நான் அன்றைக்கு அவளிடம் எவ்வளவோ சொன்னேன். அவர் கடைசியாக என்ன பேசினார் என்பதுகூடச் சொன்னேன். ஒன்றும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

பதினைந்து நாளுக்கு முன்னால் அவள் எங்களைப் பார்க்க வந்தாள். தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் எந்தப் பக்கம் வருவது என்று கீழே நின்று போன் செய்தாள். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஈரத்துணி உலர்த்திக்கொண்டே, போனைக் கன்னத்தில் இடுக்கி, “இடது பக்கமா வா, பலகை போட்டிருக்கு பாரு” என்றேன். அவள் கீழே, “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி சொன்னேன். அவள் தற்செயலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போனிலேயே, “அண்ணி, உங்க வாய் அசையுது. சத்தம் வரல” என்றாள்.

ஐயா, கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. அவள் அந்தத் துணியைப் பொறுக்கிக்கொண்டு மேலே வரும்வரை நான் அதே இடத்தில் நின்றேன். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எனக்கு அந்த நிமிடமே எல்லாம் தெரிந்துவிட்டது.

8. அன்றே இருவரும் அந்தப் போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “அன்னைக்கே சொன்னேனேக்கா” என்றார். திரையின் மேலே ஒரு சின்னக் கண்ணு இருக்கிறதாம். போன் காதுக்குப் பக்கத்தில் வந்தால் அது பார்த்துத் திரையை அணைத்துவிடுமாம். அணைந்தால் கன்னம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. என் கண்ணாடியின் கறுப்புப் பட்டை அந்தக் கண்ணுமேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அதனால் திரை அணையவில்லை. நம் சத்தத்தை நிறுத்துகிற மியூட் பட்டன் கன்னம் படுகிற இடத்தில் இருக்கிறது. கடையில் வைத்தே ஐந்து தடவை தோளில் இடுக்கிப் பார்த்தார். நான்கு தடவை மியூட் ஆனது. “எல்லா போன்லயும் இப்படி ஆகாதுக்கா. சிலதுல திரையே இருட்டாயிடும். உங்களுது இப்படி” என்றார். நகத்தால் ஒரு மூலையைத் தூக்கி, கண்ணாடியை முழுசாகக் கழற்றினார். அடியில் போன் திரையில் ஒரு கீறல் இல்லை. வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் அந்த மூன்று அழைப்பையும் சொன்னேன். அவள் கழற்றிய கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “நீங்க வேணும்னா பண்ணீங்க? விடுங்க அண்ணி, இது நமக்குள்ளயே இருக்கட்டும்” என்றாள். கொஞ்சம் கழித்து அவளே, “இத்தனை நாள் அந்தப் பொம்பளையை நெனச்சு நெனச்சுத்தான் எங்க அண்ணன் போனதைத் தாங்கிக்கிட்டேன். இப்ப அவமேல தப்பில்லன்னா நான் யாரைத் திட்டறது?” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டது நியாயம்தான்.

9. உண்மை தெரிந்தபின் உடனே தங்களிடம் ஓடி வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. பதினொரு நாள் சும்மா இருந்தேன். அந்தப் பெண்ணைத் தற்காலிகமாகத்தானே நிறுத்தியிருக்கிறார்கள், தானாகவே திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப்பின் தங்கள் கடிதம் வந்தது. நிரந்தர நீக்கம் பற்றி இருபதாம் தேதி உத்தரவு என்று இருந்தது.

கடிதம் வந்த அன்று என் போனில் 2.26-க்கு வந்திருந்த அந்த நம்பரை எடுத்து, ஸ்பீக்கர் போட்டு, மேசைமேல் வைத்துக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று தாளில்கூட எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். “ஹலோ, சொல்லுங்க” என்றார். அதே குரல். எனக்கு நாக்கு எழவில்லை. “ஹலோ, யாருங்க, பேசுங்க” என்றார். பிறகு அவரே குரலை இறக்கி, “சத்தம் கேக்கலைங்க. ஏதாவது அவசரமா? மெதுவாப் பேசுங்க, நான் வெக்க மாட்டேன்” என்றார். யார் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குச் சொல்லத் தெரியாது. போனில் ஒரு குறையும் இல்லை ஐயா. கண்ணாடியும் இல்லை. கன்னமும் படவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர் காத்திருந்தார். அவர் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

நேரில் சொல்ல வாய் வராததால்தான் இந்த மனு.

10. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகார் கொடுத்த சமயம் என் மகள் தன் அப்பா போட்டோவையும், அழைப்பு மையத்தில் இப்படி ஒரு பெண் போனை வைத்துவிட்டாள் என்ற செய்தியையும் போனில் எல்லோருக்கும் அனுப்பினாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அது எங்கெங்கோ போயிற்று. அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய்ச் சிலர் சத்தம் போட்டார்கள் என்றும், அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியையும் இந்த மனுவில் சேர்த்து எழுதினால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

மகளுக்கு நேற்று இதுவரை எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஆறாம் பத்தி வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் நிறுத்தாமல் அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்து முடித்தேன். இன்று காலைவரை என்னிடம் பேசவில்லை. ஆனால் அனுப்பிய செய்தி தவறு என்று, தவறு யாருடையது என்றும் சேர்த்து, அதே ஆட்களுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறாள். என் பேரைப் போட்டே அனுப்பியிருக்கிறாள். போடச் சொன்னவள் நான் இல்லை. போட்டது சரி.

11. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து செய்ய வேண்டியவை:

அ) புகார் எண் 417-ஐ நான் திரும்பப் பெறுகிறேன். அதில் உள்ள “ஆணவத்துடன்” என்ற சொல்லையும், பதிவை அழித்தார்கள் என்று நான் வாயால் சொன்னதையும் சேர்த்துத் திரும்பப் பெறுகிறேன்.

ஆ) இருபதாம் தேதிக்கு முன்பே அந்தப் பெண்ணை அதே வேலையில், அதே இருக்கையில் சேர்க்க வேண்டும். சொந்தப் போனை எடுத்ததைக் குற்றமாக எழுதியிருந்தால், அந்தப் போன் எதற்கு எடுக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அன்று தங்கள் மையத்தில் எனக்காக விதியை மீறிய ஒரே ஆள் அவர்தான்.

இ) கேட்ட கேள்விக்கு அதிகாரி முன்னால் பொய் சொன்னதற்கு என்மேல் என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்க வேண்டும். என் போனை எத்தனை நாள் வேண்டுமானாலும் தாங்கள் வைத்துக்கொண்டு பரிசோதிக்கலாம்.

ஈ) இது நான் கேட்கத் தகுதியில்லாத கோரிக்கை, ஆனாலும் எழுதுகிறேன். அழைப்பு எடுக்கிறவர்கள் சத்தம் கேட்காதபோது “பேசுங்க, பேசுங்க” என்று மட்டும் சொல்லாமல், “போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பாருங்க, மியூட் ஆகியிருக்கா பாருங்க, ஸ்பீக்கர் போடுங்க” என்று ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று விதியில் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரியை அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் பார்த்திருப்பேன். சொல்லாதது அவர் தப்பில்லை. அப்படி ஒரு வரி அவருக்குக் கொடுத்த தாளில் இல்லை.

திரைக்குக் கண்ணாடி ஒட்டலாமா வேண்டாமா என்று கூடத்தில் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். ஊசியும் சாவியும் கிடக்கிற பையில் போன் வைப்பவர்களை ஒட்டாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? கீறல் விழத்தான் செய்யும். ஒட்டினால் உங்கள் போனுக்கு உள்ளதையே ஒட்டுங்கள், ஒட்டியதும் யாரையாவது கூப்பிட்டுக் காதில் வைத்துப் பேசிப் பாருங்கள், ஸ்பீக்கரில் அல்ல என்று சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரி மட்டும் என் எதிரிலேயே தன் வீட்டுக்குப் போன் போட்டு, “நான் பேசறது கேக்குதா?” என்று கேட்டாள். என் போன் இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது. பையில் உரசி இரண்டு கீறல் விழுந்துவிட்டது.

புருஷனைப் பறிகொடுத்தவள், துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து இந்த மனுவை ஓரமாக வைத்துவிட வேண்டாம் என்று தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். போன தடவை என் துக்கத்தைப் பார்த்துத்தான் நான் சொன்ன பொய்யைத் தாங்கள் நம்பினீர்கள். இந்தத் தடவை அதைப் பார்க்காமல், நான் சொல்வதை மட்டும் பார்க்க வேண்டும்.

இணைப்பு:
1. என் போனிலிருந்து கழற்றிய கண்ணாடி, ஒன்று. மூலையில் கடைக்காரர் நகம் பட்ட இடத்தில் விரிசல் உண்டு; கையில் குத்தும், பார்த்து எடுக்கவும்.
2. அன்றைய தேதியில் 2.26-க்கு எனக்கு வந்த அழைப்பின் பதிவு. போன் திரையைப் படம் எடுத்து அச்சிட்டது.
3. கடைக்காரர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த தாள்.

நகல்: அழைப்பு எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு, தங்கள் அலுவலகம் மூலமாக. அவர் விலாசம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கூப்பிடாமல் அந்த வாசலில் போய் நிற்க எனக்கு உரிமையில்லை.

இடம்: சலவைக்கூடம், மதிய இடைவேளையில்
நாள்: இம்மாதம் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை

உண்மையை மட்டும் எழுதி ஒப்பமிடும்,
புகார் எண் 417-இன் மனுதாரர்
(கையொப்பம்)